சிரஸ்தார் நாற்காலியும் எம்.பி.ஏ. பட்டமும்

(பொதுச் சொற்பொழிவு ஒன்றின் அச்சு வடிவம்)



2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை விடியற்காலை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் சுப்பீரியர் கோர்ட்டுக் கணினிகளுக்குள் ரான்சம்வேர் புகுந்துவிட்டது தெரியவந்தது. கோப்புகளைப் பூட்டிவைத்துக்கொண்டு, சாவிக்குப் பணம் கேட்கும் தீநிரல் அது. கண்டதும் மொத்த வலைப்பின்னலையும் நிறுத்தினார்கள். அதே நாளில்தான் கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு மென்பொருளின் கோளாறால் உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்றன. இரண்டும் ஒன்றே என்று பலர் நினைத்தார்கள். தொடர்பில்லை என்று கோர்ட் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சனியும் ஞாயிறும் இரவு பகலாக வேலை நடந்தும் முடியவில்லை. திங்கள்கிழமை அந்தக் கவுண்டியின் 36 நீதிமன்றக் கட்டடங்களும் மூடிக் கிடந்தன. செவ்வாயன்று கதவுகள் திறந்தன. சில வசதிகள் அப்போதும் படுத்த படுக்கைதான்.

ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கான கோர்ட் அது. அமெரிக்காவின் மிகப் பெரிய விசாரணை நீதிமன்றமும் அதுவே. ஜாமீன் கேட்டு நிற்பவர், குழந்தையை யாரிடம் விடுவது என்று வழக்காடும் பெற்றோர், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கியவர் எல்லாரும் அந்தத் திங்கள்கிழமை அங்கே வந்தாக வேண்டியவர்கள். இந்த நிலையில் எந்த சர்வரை முதலில் எழுப்புவது, எந்த ஊழியரை எங்கே நிறுத்துவது, ஜூரிக்கு வரச்சொன்னவர்களுக்கு என்ன தகவல் அனுப்புவது என்று முடிவு செய்ய ஒருவர் வேண்டும். சாட்சியத்தை எடைபோடப் பழகிய நீதிபதியிடம் இதைக் கேட்க முடியாது. கேட்டால் அவர் சொல்லிவிடுவார், ஆனால் சரியாக இருக்குமா என்பது வேறு.

அதற்கென்று அங்கே ஒரு பதவி இருக்கிறது. கலிபோர்னியாவில் அவருக்கு ‘கோர்ட் எக்ஸிகியூட்டிவ் ஆபீசர்’ என்று பெயர். நியூ ஜெர்சியில் ‘டிரயல் கோர்ட் அட்மினிஸ்டிரேட்டர்’. ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்களில் பழைய பெயர் மாறாமல் ‘கிளார்க் ஆஃப் கோர்ட்’. கிளார்க் என்றதும் நம்மவர்களுக்கு மேசை நிறையக் கட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் நினைவுக்கு வருவார். அங்கே அந்தக் கிளார்க், நீதிபதிகள் கூடித் தேர்ந்தெடுத்து அமர்த்தும் நிறுவனத் தலைவர். இந்த உரை அந்த நாற்காலியைப் பற்றியது: அதில் யார் உட்காரலாம், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

முதலில் வேலையைப் பார்த்துவிடலாம். கலிபோர்னியா நீதிமன்ற விதிகள் இந்த அலுவலரின் கடமைகளை எழுதியே வைத்திருக்கின்றன. நிர்வாகத் தலைமை ஏற்றிருக்கும் நீதிபதியின் வழிகாட்டலில், தீர்ப்பு தவிர்த்த மற்ற காரியங்களெல்லாம் அவர் தலையில். ஆள் எடுப்பது, பட்ஜெட் போடுவது, ஒப்பந்தம் எழுதுவது, கணினி, கட்டடம், ஆவணக் காப்பு, மொழிபெயர்ப்பாளர், ஜூரி அழைப்பு, வழக்குப் பட்டியல் ஓட்டம். பட்டியலாகப் படித்தால் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நிர்வாகியுடைய வேலை மாதிரி இருக்கும். ஒப்புமை பாதி சரி. டாக்டர் கத்தி பிடிக்கும் இடத்தில் நிர்வாகி கை வைக்க மாட்டார். கத்தி வந்து சேர்ந்ததா என்பது அவர் பொறுப்பு. ஆனால் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு எதிராக இன்னொரு நோயாளி நிற்பதில்லை. நீதிமன்றத்தில் ஒவ்வொரு நிர்வாக முடிவும் எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருவருக்கு லாபமாகவோ நஷ்டமாகவோ முடியலாம்.

ஒரு சின்ன உதாரணம். கவுண்டரில் ஒரு பெண் வந்து கேட்கிறார்: “நான் என்ன மனு போடணும்?” வக்கீல் வைக்க வசதியில்லாதவர். ஊழியர் பதில் சொன்னால் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண் வாசலோடு திரும்பிவிடுவார். பல காலம் அமெரிக்க நீதிமன்றக் கவுண்டர்களில் ‘இங்கே சட்ட ஆலோசனை சொல்லப்பட மாட்டாது’ என்பதையே ஊழியர்கள் கேடயமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தகவல் வேறு, ஆலோசனை வேறு என்று கோடு பிரித்து, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று ஊழியருக்கு எழுதிக்கொடுத்தது நிர்வாகிகள் செய்த வேலை. எந்தப் படிவம், எங்கே கிடைக்கும், கட்டணம் எவ்வளவு, கட்டணத்திலிருந்து விலக்குக் கேட்கலாமா என்பதெல்லாம் தகவல். ‘நீ இந்த வழக்கைப் போட்டால் ஜெயிப்பாய்’ என்பது ஆலோசனை. கலிபோர்னியாவில் இன்று கவுண்டிதோறும் சுய உதவி மையங்கள் இருப்பதற்கு இந்தக் கோடு பிரித்ததும் ஒரு காரணம்.

வழக்குப் பட்டியல் ஓட்டம் என்று சொன்னது நம்மவர்களுக்கு மிக நெருக்கமான விஷயம். நம் பேச்சில் அதன் பெயர் வாய்தா.

அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்களுக்கான தேசிய மையம் என்றொரு அமைப்பு உண்டு. வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க்கில் இருக்கிறது. 2005-ல் அது ‘கோர்ட்டூல்ஸ்’ என்ற பெயரில் ஒரு விசாரணை நீதிமன்றத்தின் ஆரோக்கியத்தை அளக்கப் பத்து அளவுகோல்களை வெளியிட்டது. வந்த வழக்குக்கு முடிந்த வழக்கு எத்தனை, நிலுவையில் உள்ளவற்றின் வயது என்ன என்பவை எல்லாருக்கும் தோன்றும் கணக்குகள். ‘விசாரணைத் தேதி உறுதி’ என்ற ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. ஒரு வழக்கு உண்மையாகவே விசாரணைக்கு எடுக்கப்படும் முன் எத்தனை தடவை விசாரணைக்கென்று தேதி குறிக்கப்பட்டது? அவ்வளவுதான் கேள்வி. ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் அந்தக் கோர்ட் சொன்ன தேதியை வக்கீல்கள் நம்புவார்கள், தயாராக வருவார்கள், தயாராக வந்தால் பாதிப் பேர் வாசலிலேயே சமரசம் பேசி முடித்துக்கொள்வார்கள். ஐந்தாறு தடவை என்றால் யாரும் தயாராக வருவதில்லை. எப்படியும் தள்ளிப்போகும் என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிவதாலேயே தள்ளியும் போகிறது.

சாட்சி சொல்ல ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, பெஞ்ச் கிளார்க் பெயர் கூப்பிடுவதற்காக மத்தியானம் வரை வராந்தாவில் நின்று, ‘அடுத்த மாசம் பதினேழு’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிய அனுபவம் இந்த அரங்கிலேயே பலருக்கு இருக்கும். அந்த நாளின் விலையை நம் நீதிமன்றங்களின் எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை. எழுதுவதற்கென்று ஒரு ஆளை வைப்பதுதான் இந்தப் பதவியின் சாரம் என்று சொன்னால் மிகையில்லை.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1906 ஆகஸ்டில் மினசோட்டா மாநிலம் செயின்ட் பால் நகரில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் கூடியது. ராஸ்கோ பவுண்ட் என்ற முப்பத்தைந்து வயதுக்காரர், நெப்ராஸ்கா சட்டக் கல்லூரித் தலைவர், மேடையேறி நீதித்துறை மீது மக்களுக்கு ஏன் அதிருப்தி என்று பேசினார். கோர்ட்டுகள் அளவுக்கு மீறிப் பலவாகக் கிடக்கின்றன, ஒன்றின் அதிகாரத்தில் இன்னொன்று குறுக்கிடுகிறது, நீதிபதிகளின் உழைப்பு வீணாகிறது என்பது சாரம். கேட்டிருந்த மூத்த வக்கீல்கள் பலருக்கு முகம் கறுத்தது. உரையை ஆயிரக்கணக்கில் அச்சிட்டு வழங்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்ததற்குக்கூட அங்கே எதிர்ப்பு வந்தது. இன்று அமெரிக்காவில் நீதிமன்ற நிர்வாகம் பற்றி எழுதப்படும் வரலாறு பெரும்பாலும் அந்த உரையில்தான் தொடங்குகிறது.

அடுத்த திருப்பத்துக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1939 வரை ஃபெடரல் நீதிமன்றங்களின் பணம், ஆள், மேசை, நாற்காலி எல்லாவற்றையும் கவனித்தது நீதி அமைச்சகம். அதே அமைச்சகம்தான் அந்த நீதிமன்றங்களில் அரசுக்காக வாதாடியது. ஒரு தரப்பு வக்கீலிடமே நீதிபதி பேப்பரும் பேனாவும் கேட்டு வாங்கும் நிலை. அந்த ஆண்டு இயற்றிய சட்டம் நீதிமன்றங்களுக்கென்று தனி நிர்வாக அலுவலகத்தை உண்டாக்கியது. 1947-ல் நியூ ஜெர்சி தன் புதிய அரசியல் சட்டத்திலேயே நிர்வாக இயக்குநர் பதவியை எழுதிவைத்தது. அதை நடத்திக்காட்டியவர் அங்கே தலைமை நீதிபதியாக வந்த ஆர்தர் வேண்டர்பில்ட்.

இவையெல்லாம் மேல்மட்டம். கீழே, விசாரணை நீதிமன்ற அளவில், முதல் முழுநேர நிர்வாகி என்று துறை வரலாற்றில் குறிப்பிடப்படுபவர் எட்வர்ட் கேலஸ். 1957-ல் அவரை அமர்த்தியது நாம் தொடக்கத்தில் பார்த்த அதே லாஸ் ஏஞ்சலஸ் சுப்பீரியர் கோர்ட்.

அப்புறம் வாரன் பர்கர். 1969-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியானவர். பதவிக்கு வந்த உடனேயே இந்த விஷயத்தைக் கையில் எடுத்தார். சூப்பர் மார்க்கெட் காலத்தில் மூலைக் கடை முறையில் கோர்ட் நடத்துகிறோம் என்று ஊரறியச் சொன்னார். விண்வெளி வீரர்கள் இருக்கும் அளவுக்குக்கூட நாட்டில் தேர்ந்த கோர்ட் நிர்வாகிகள் இல்லை என்றும் அங்கலாய்த்தார். நிலவில் மனிதன் இறங்கிய சூட்டோடு சொன்னதால் அடி சரியாக விழுந்தது. 1970-ல் கொலராடோவில் கோர்ட் மேலாண்மைக்கென்றே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் எர்னஸ்ட் ஃப்ரீசன், 1939-ல் உருவான அந்த நிர்வாக அலுவலகத்தின் இயக்குநர் பதவியிலிருந்து வந்தவர். அங்கே படித்து வெளிவந்தவர்கள் மாநிலம் மாநிலமாகப் போய் அமர்ந்தார்கள்.

இனி தகுதி. சட்டம் படித்தவரா, நிர்வாகம் படித்தவரா, அல்லது அதே கோர்ட்டில் முப்பது வருஷம் கட்டு தூக்கியவரா? ஃபெடரல் மாவட்ட நீதிமன்றங்கள் கிளார்க் பதவிக்கு வெளியிடும் விளம்பரங்களைப் படித்தால் ஒரு பதில் கிடைக்கும். படிப்படியாகப் பொறுப்பு கூடிய பத்தாண்டு நிர்வாக அனுபவம் வேண்டும். அரசிலோ தனியாரிலோ இருக்கலாம். அதில் மூன்றாண்டாவது கணிசமான மேலாண்மைப் பொறுப்பு. கல்லூரிப் பட்டங்களை அனுபவத்தில் சில ஆண்டுகளுக்கு ஈடாகக் கொள்ளலாம். வக்கீலாகத் தொழில் செய்த ஆண்டுகளையும் ஆண்டுக்கு ஆண்டு ஈடாகக் காட்டலாம். சட்டப் பட்டம் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. ஆனால் பதவியில் அமர்ந்தபின் அமெரிக்காவின் எந்த ஃபெடரல் நீதிமன்றத்திலும் வக்கீல் தொழில் பார்க்கக்கூடாது என்று சட்டமே தடுக்கிறது. நியமிப்பது நீதிபதிகள், நீக்குவதும் அவர்களே.

பத்தாண்டு ஏன்? பதவியின் இயல்பு அப்படி. கலிபோர்னியாவில் நிர்வாகத் தலைமை ஏற்கும் நீதிபதி பெரும்பாலும் இரண்டாண்டுக்கு ஒருவராக மாறுகிறார். சக நீதிபதிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்து, பதவிக்காலம் முடிந்ததும் பழையபடி தன் வழக்கறைக்குத் திரும்பிவிடுவார். நிர்வாகி அங்கேயே இருக்கிறார். மாறி மாறி வரும் தலைமைகளுக்கு நடுவே போன வருஷம் ஏன் அந்த ஒப்பந்தம் போட்டோம், எந்தக் கட்டடத்தின் கூரை ஒழுகுகிறது, எந்தப் பிரிவில் ஆள் இல்லை என்பதை நினைவில் வைத்திருப்பவர் அவர்தான். நீதிபதிகள் ஒவ்வொருவரும் தத்தம் அறையில் ராஜா. அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. அவர்கள் ஒத்துழைக்காமல் எதுவும் நகரவும் செய்யாது. “முடியாதுங்க ஐயா, இதுக்கு விதி இடம் கொடுக்கலை” என்று நீதிபதியிடமே சொல்லிவிட்டு மறுநாளும் அவருடைய நம்பிக்கையோடு வேலை பார்ப்பது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

எல்லா இடத்திலும் இந்த ஏற்பாடு ஒரே சீராக இல்லை. ஃபுளோரிடாவில் 67 கவுண்டிகள். கோர்ட் ஆவணங்களைக் காக்கும் கிளார்க் அங்கே மக்கள் ஓட்டில் வருகிறார், எம்.எல்.ஏ. போல. அதே மாநிலத்தின் 20 நீதி வட்டங்களுக்கு நிர்வாகிகள் தனி. அவர்களை நீதிபதிகள் அமர்த்துகிறார்கள். ஆக, கட்டு ஒருவர் கையில், காலண்டர் இன்னொருவர் கையில். தேர்தலில் ஜெயித்த கிளார்க்குக்கும் நியமனத்தில் வந்த நிர்வாகிக்கும் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு மென்பொருள் வாங்குவதற்கே பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும். ஜனநாயகத்தை எல்லா நாற்காலிக்கும் நீட்ட வேண்டியதில்லை என்பது இந்த உரையாளரின் கட்சி.

நிர்வாகி யாருக்குப் பதில் சொல்கிறார் என்பது ஏன் முக்கியம் என்று காட்ட ஒரு ஊர் போதும். மிசூரி மாநிலத்து ஃபெர்குசன். அப்போது சுமார் 21,000 பேர் வாழ்ந்த சிறு நகரம். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தபின் உலகம் அறிந்த பெயர். மறு ஆண்டு மார்ச்சில் நீதி அமைச்சகம் வெளியிட்ட அறிக்கையில் அந்தச் சூட்டைத் தாண்டி இன்னொரு கதை இருந்தது. அந்த ஊர் முனிசிபல் கோர்ட், நகர நிர்வாக அமைப்பில் போலீஸ் துறையின் ஒரு பிரிவு. இருந்தது போலீஸ் கட்டடத்தில். கோர்ட் ஊழியர்கள் பதில் சொல்ல வேண்டியது போலீஸ் தலைவருக்கு. நீதிபதி எப்போதாவது வந்துபோவார். அன்றாடம் கோர்ட்டை ஓட்டியது கோர்ட் கிளார்க். அபராதம் நகரத்தின் வருமானம். அது ஏற வேண்டும் என்பது மேலிடத்தின் எதிர்பார்ப்பு. புல் வெட்டாதது, வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியது போன்ற சில்லறைக் குற்றத்துக்குப் பணம் கட்டத் தவறியவர் மேல் பிடிவாரன்ட் பறந்தது. 2013-ல் மட்டும் 9,000-க்கு மேற்பட்ட வாரன்ட்கள், பெரும்பாலும் இத்தகைய சிறு மீறல்களின் வழி வந்தவை. ஊரின் ஜனத்தொகையோடு வைத்துப் பாருங்கள். அந்தக் கிளார்க்கின் இடத்தில் எவ்வளவு படித்தவரை உட்கார வைத்திருந்தாலும், மேலே போலீஸ் தலைவரும் கஜானாவும் இருக்கும்வரை பெரிதாக எதுவும் மாறியிருக்காது.

இப்போது நம் ஊர்.

நம் மாவட்ட நீதிமன்றங்களுக்கு நிர்வாகி புதுசல்ல. சிரஸ்தார் இருந்தார். பாரசீகச் சொல், ஆவணப் பொறுப்பாளர் என்று பொருள். பிராது சரிபார்ப்பது, கோர்ட் கட்டணம் கணக்கிடுவது, குமாஸ்தாக்களை மேய்ப்பது அவர் வேலை. சம்மனும் ஜப்தியும் நாசர் வழியாக அமீனாவுக்குப் போகும். கம்பெனி காலத்துப் பெயர்கள் இவை. தமிழ் வாயில் புகுந்து தமிழாகவே ஆகிவிட்டன. அந்த உலகத்திலிருந்து வந்த ஒருவரை நாம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறோம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகத்தான் சேர்ந்தார். பிறகு மொழிபெயர்ப்பாளர், பிறகு முன்சீப். அவருடைய நாவல் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1862-ல், மேல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து ‘சித்தாந்த சங்கிரகம்’ வெளியிட்டவர் அவர். கட்டு அடுக்கிய கைக்குத்தான் அந்தத் தொகுப்பின் அருமை தெரிந்திருந்தது.

சிரஸ்தாருக்குக் கோர்ட் அத்துப்படி. கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து ஏறி வந்த அவருக்கு எந்தச் சந்தில் எந்தக் கட்டு தூங்குகிறது என்பது தெரியும். ஆனால் பட்ஜெட் கேட்டு வாதாடவோ, நிலுவைக் கணக்கை அலசி ‘இந்த இடத்தில்தான் அடைப்பு’ என்று மாவட்ட நீதிபதியிடம் காட்டவோ யாரும் அவருக்குப் பயிற்சி கொடுத்ததில்லை. அதை நிரப்பத்தான் ‘கோர்ட் மேனேஜர்’ வந்தார். விஜய் கேல்கர் தலைமையிலான 13-ஆவது நிதிக் குழு 2010 முதல் 2015 வரையிலான காலத்துக்கு நீதித்துறைக்கு 5,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் 300 கோடி கோர்ட் மேனேஜர்களுக்கு. எம்.பி.ஏ. படித்தவர்கள் தேர்வாகி மாவட்டங்களுக்கு வந்தார்கள்.

வந்தவர்களுக்கு மேசை கிடைத்தது. என்ன வேலை என்பது பல இடங்களில் தெளிவாகவில்லை. சிரஸ்தாருக்கு அவர் மேலா கீழா, கோப்பில் கையெழுத்துப் போடலாமா, ஊழியருக்கு மெமோ கொடுக்கலாமா? ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். நிதிக் குழுவின் காலம் முடிந்ததும் சில மாநிலங்கள் திட்டத்தையே கைவிட்டன. அமெரிக்காவில் நாற்காலியை முதலில் போட்டுவிட்டு அதற்கான படிப்பைப் பின்னால் உண்டாக்கினார்கள். இங்கே படிப்பைக் கேட்டு வாங்கிவிட்டு நாற்காலி போட மறந்துவிட்டோம்.

2018 ஆகஸ்டில் அகில இந்திய நீதிபதிகள் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டந்தோறும் தொழில்முறைத் தகுதி பெற்ற, முடிந்தவரை எம்.பி.ஏ. பட்டமுள்ள, கோர்ட் மேனேஜர்கள் வேண்டும் என்று சொன்னது. அதன் பிறகும் பெரும்பாலும் பழைய கதைதான். 2025 மே 16 அன்று, பி.ஆர். கவாய் தலைமை நீதிபதியாகப் பதவியேற்று இரண்டு நாள் கழித்து, அதே வழக்கின் தொடர்ச்சியில் இன்னும் அழுத்தமான உத்தரவு வந்தது. அசாமின் 2018-ஆம் ஆண்டு விதிகளை மாதிரியாகக் கொண்டு உயர் நீதிமன்றங்கள் மூன்று மாதத்தில் விதி வகுக்கவோ திருத்தவோ வேண்டும். மாநில அரசுகள் அடுத்த மூன்று மாதத்தில் ஒப்புதல் தர வேண்டும். குறைந்தபட்சம் இரண்டாம் நிலை கெஜடட் அலுவலர் அந்தஸ்து. ஏற்கெனவே பணிபுரிபவர்களைத் தகுதித் தேர்வின் பேரில் நிரந்தரமாக்க வேண்டும். படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த விவகாரம் இப்போது அந்தஸ்தைப் பற்றிப் பேசியது.

இந்த அரங்கில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், ஓய்வுபெற்ற கோர்ட் ஊழியர்கள் இருக்கிறீர்கள், வழக்காடிக் களைத்தவர்களும் இருக்கிறீர்கள். விதிகள் உங்கள் கைக்குக் கிடைக்கும்போது கல்வித் தகுதிப் பத்தியை அப்புறம் படியுங்கள். கோர்ட் மேனேஜர் யாருக்குக் கீழே, எந்தக் கோப்பில் அவர் கையெழுத்துச் செல்லும், தள்ளிப்போன விசாரணைத் தேதிகளை எண்ணி வெளியிடுவது யார் பொறுப்பு என்ற மூன்றையும் முதலில் தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் வக்கீல் சங்கத்தின் தீர்மானமாக எழுதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்புங்கள்.